ஆர்டப்பெல்: கிழங்கு வருவதற்கு முன்பே இருந்த பெயர்

நீங்கள் கேட்டது பார்வைக்கு ஒரே கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. கொழும்பில் வளர்ந்து இப்போது நெதர்லாந்தில் டச்சு வகுப்புக்குப் போகிறீர்கள். உருளைக்கிழங்குக்கு டச்சில் ‘ஆர்டப்பெல்’, அதாவது மண் ஆப்பிள் என்று ஆசிரியர் சொன்னார், அது பிரெஞ்சுக்காரர்களின் ‘போம் த தேர்’ என்பதன் மொழிபெயர்ப்பு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு உடனே சிங்கள ‘அர்த்தாப்பல்’ ஞாபகம் வந்திருக்கிறது. ஆக, மண்ணுக்குள் விளையும் கிழங்கைப் போய் ஏன் ஆப்பிள் என்றார்கள், பிரெஞ்சைப் பார்த்து எடுத்ததுதானா, சிங்களச் சொல் இதிலிருந்துதான் வந்ததென்றால் கிழங்கையும் டச்சுக்காரர்தான் இலங்கைக்குக் கொண்டுவந்தார்களா, இவைதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. நான் படித்தது ஜெர்மானிய மொழிகளின் வரலாறு, இப்போது பிழைப்பு டச்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பதில் ஓடுகிறது. அதனால் முதல் இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்லலாம். மூன்றாவதில் சிங்களம் வருகிறது, எனக்கு அது பேச்சு வழக்கில் மட்டும் பழக்கமான மொழி, அங்கே நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதியை முடித்துவிடலாம். சொல்லில் இரண்டு துண்டு. ‘ஆர்டெ’ என்றால் மண், நிலம், பூமி. ‘அப்பெல்’ என்றால் ஆப்பிள். கூட்டுச்சொல்லின் முன்பாதியாக வரும்போது ஆர்டெயின் கடைசி எகரம் விழுந்து ‘ஆர்ட்’ என்று நிற்கும், அந்த மெய்யின்மேல் அப்பெலின் உயிர் ஏறி ஆர்டப்பெல் ஆகும். புணர்ச்சி படித்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. இதே ‘ஆர்ட்’ முன்னால் நிற்கும் சொற்கள் டச்சில் ஏராளம். ஸ்ட்ராபெரிக்கு ‘ஆர்ட்பெய்’, மண் பெர்ரி. நிலநடுக்கத்துக்கு ‘ஆர்ட்பேவிங்’. இயற்கை எரிவாயுவுக்கு ‘ஆர்ட்ஹஸ்’, 1959இல் ஹ்ரோனிங்கன் மாகாணத்தின் ஸ்லோக்டெரன் ஊர்ப் பக்கம் பெரிய எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நாட்டின் அடுப்படிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்த சொல். தென்னாப்பிரிக்காவில் கறையானைத் தோண்டித் தின்னும் விலங்கைப் பார்த்த டச்சுக் குடியேறிகள் அதற்கு மண் பன்றி என்று பெயர் வைத்தார்கள், அந்த ‘ஆர்ட்வார்க்’தான் இன்று ஆங்கில அகராதியின் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே வகுப்பில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டச்சில் இன்னொரு ‘ஆர்ட்’ இருக்கிறது, அதற்குக் குணம், இயல்பு என்று பொருள். ஒருவரை இனிமையானவர் என்று சொல்ல ‘ஆர்டிஹ்’ என்பார்களே, அது இதிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பதால் ஆர்டப்பெல் என்பதை இயற்கை ஆப்பிள் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. தவறு. பக்கத்து மொழியான ஜெர்மனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அங்கே மண் ‘ஏர்டெ’, குணம் ‘ஆர்ட்’, இரண்டும் கலப்பதே இல்லை. உருளைக்கிழங்குக்கு ஆஸ்திரியாவில் இன்றும் சொல்வது ‘ஏர்டாப்ஃபெல்’. முன்பாதி மண்தான்.

அந்த ஜெர்மன் ஏகாரத்துக்கும் டச்சு ஆகாரத்துக்கும் உள்ள உறவு எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டச்சில் ஒரு காலகட்டத்தில் ‘எர்’ என்ற ஒலி, பின்னால் ட, த போன்ற பல்லொலி வந்தால், நீண்டு ‘ஆர்’ என்று திறந்துகொண்டது. ஜெர்மனில் அடுப்பு ‘ஹேர்ட்’, டச்சில் அதே சொல் ‘ஹார்ட்’. வாள் அங்கே ‘ஷ்வேர்ட்’, இங்கே ‘ஸ்வார்ட்’. மதிப்புள்ளது அங்கே ‘வேர்ட்’, இங்கே ‘வார்ட்’. குதிரை அங்கே ‘ப்ஃபேர்ட்’, இங்கே ‘பார்ட்’. வரிசையாக எல்லாம் ஒரே மாதிரி மாறியிருப்பதால் ஏர்டெயும் ஆர்டெயும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று துணிந்து சொல்லலாம், ஆங்கில ‘எர்த்’தும் அதே குடும்பம்தான். இந்த மாற்றம் எல்லா வட்டாரத்திலும் ஒரே சீராக நடக்கவில்லை. ஹ்ரோனிங்கன் பக்கம் கிராமத்து ஆட்கள் ‘ஏரப்பெல்’ என்பார்கள், லிம்பர்க் பக்கம் ‘எர்பெல்’ என்று சுருங்கிவிடும். அந்த வழக்குகள் பழைய எகரத்தை அப்படியே வைத்திருக்கின்றன. பாடப்புத்தக டச்சை மட்டும் படித்துவிட்டு லிம்பர்க் சந்தைக்குப் போனால் முதல் நாள் ஒன்றும் புரியாது.

‘அப்பெல்’ இன்னும் பழைய சொல். ஆங்கில ஆப்பிள், ஜெர்மன் ‘ஆப்ஃபெல்’ மட்டுமில்லை, லித்துவேனிய மொழியில் ‘ஓபுவோலிஸ்’, ரஷ்ய மொழியில் ‘யாப்லக’, வேல்ஸ் மொழியில் ‘அவல்’ எல்லாம் அதன் உறவுகள். இது வரைக்கும் உறுதி. அதற்கு மேலே போனால் தரை வழுக்க ஆரம்பிக்கும். இந்தச் சொல் ஐரோப்பாவின் வடக்கு, மேற்குப் பகுதி மொழிகளில்தான் பரவலாக இருக்கிறது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஆப்பிளுக்கு வேறு சொல், சமஸ்கிருதத்தில் உறவே காணவில்லை. அதனால் இந்தோ ஐரோப்பிய மொழி பேசியவர்கள் அந்தப் பக்கம் வந்து குடியேறியபோது அங்கே முன்பிருந்த மக்களிடமிருந்து இரவல் வாங்கிய சொல்லாக இருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், இல்லை மூலமொழியிலேயே இருந்ததுதான் என்று இன்னொரு சாரார். இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் ‘அபெல்லா’ என்று ஒரு பழைய ஊர், ரோமானியக் கவிதையில் ஆப்பிள் விளையும் ஊராகவே வருகிறது, அந்தப் பெயரும் இதே வேர் என்று சிலர் இழுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு ஊர்ப்பெயரை நம்பி அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வராது.

சரி, ஏன் ஆப்பிள்? இதற்குப் பதில் தெரிய இன்றைய ஆப்பிளைக் கொஞ்சம் மறக்க வேண்டும். பழைய ஜெர்மானிய மொழிகளில் இந்தச் சொல் இன்று கடையில் வாங்கும் சிவப்புப் பழத்தை மட்டும் குறிக்கவில்லை. மரத்தில் தொங்கும் எந்தப் பழத்துக்கும், பழம் மாதிரி உருண்டையாக இருக்கும் எதற்கும் தாராளமாகப் போட்டுவிடும் பெயராக இருந்தது. டச்சில் அதன் மிச்சங்கள் இன்னும் கிடக்கின்றன. மாதுளை ‘ஹ்ரனாட்டப்பெல்’, விதைகள் நிறைந்த ஆப்பிள். பைன் மரக் காய் ‘டென்னனப்பெல்’. கண்ணின் உருண்டை ‘ஓஹப்பெல்’. அரசர் கையில் பிடித்திருக்கும் சிலுவை வைத்த தங்க உருண்டை ‘ரெய்க்ஸப்பெல்’. ஆரஞ்சு ‘சினாசப்பெல்’, சீனத்து ஆப்பிள், அதையே பெல்ஜியப் பக்கம் திருப்பிப் போட்டு ‘அப்பெல்சீன்’ என்பார்கள், ரஷ்யர்கள் ஆரஞ்சுக்குச் சொல்லும் ‘அப்பில்சின்’ அங்கிருந்து போனதுதான். 1492இல் நியூரம்பெர்க்கில் மார்ட்டின் பெஹாய்ம் செய்வித்த பூகோள உருண்டை, இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, அதன் பெயரே ‘ஏர்டாப்ஃபெல்’. அங்கே ஏர்டெ என்றால் பூமி, ஆப்ஃபெல் என்றால் உருண்டை, அவ்வளவுதான்.

பிரெஞ்சு ‘போம்’ கதையும் இதேதான். அதன் தாயான லத்தீன் ‘போமும்’ பொதுவாகப் பழத்தைக் குறித்தது, பிரெஞ்சில் வந்து ஆப்பிளாகச் சுருங்கியது. ஆகவே ஆர்டப்பெல்லையும் போம் த தேரையும் நாம் இன்று மண் ஆப்பிள் என்று பிரித்துச் சிரித்தாலும், அந்தக் காலத்துக் காதில் ‘மண்ணில் விளையும் உருண்டைக் காய்’ என்றுதான் விழுந்திருக்கும். தமிழில் ‘நிலக்கடலை’ எப்படியோ அப்படி: தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த ‘கடலை’யை எடுத்து முன்னால் நிலத்தைச் சேர்த்தோம். அதைச் சொல்லும்போது யாருக்கும் கொண்டைக்கடலை கண்முன் வருவதில்லை.

இனி உங்கள் ஆசிரியர் சொன்ன மொழிபெயர்ப்பு விஷயம். இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, மண் ஆப்பிள் என்ற பெயர் உருளைக்கிழங்கைவிடப் பல நூறு வருடம் மூத்தது. கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். பெயர் அதற்கு வெகு முன்பே இருந்தது, வேறு வேறு செடிகளுக்கு. 1000ஆம் ஆண்டை ஒட்டிய பழைய ஆங்கிலத்தில், எண்ணாகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் நினைத்து ஏங்கும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே வெள்ளரிக்காயை ‘மண் ஆப்பிள்கள்’ என்றுதான் விளக்கியிருக்கிறார்கள். வெள்ளரிக் கொடி தரையில் படர்கிறது, காய் தரையில் கிடக்கிறது, அந்தக் கணக்கு. பழைய ஜெர்மனில் அதே கூட்டுச்சொல் முலாம்பழ வகைக்கும் வரும், மருந்துக்காகத் தோண்டியெடுத்த மாண்ட்ரேக், சைக்ளமன் போன்ற செடிகளுக்கும் வரும். சைக்ளமனைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் தட்டையாக உருண்டு ஒரு கிழங்கு இருக்கும்.

லத்தீனிலும் உண்டு. ‘மாலும் தெர்ரே’, மண்ணின் ஆப்பிள், என்பது ரோமானியர்கள் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்துச் செடிக்கு வைத்திருந்த பெயர், முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் அதைக் குறித்துவைத்திருக்கிறார். கிரேக்கர்கள் ‘கமாய்மேலோன்’, தரை ஆப்பிள், என்று சொன்னது வேறொரு செடியை, அது நசுக்கினால் ஆப்பிள் வாசம் வருமாம், அந்தப் பெயர் தேய்ந்துதான் இப்போது கடையில் விற்கும் கேமமைல் தேநீர். ஆக ஐரோப்பாவில் நிலத்தோடு ஒட்டிய, உருண்டையான, பெயர் தெரியாத எதுவும் மண் ஆப்பிள் ஆகிவிடும் நிலைமை நெடுநாளாக இருந்தது. டச்சில் இதோடு போட்டிக்கு நின்ற பெயர்களும் சில. ‘ஆர்ட்டாக்கர்’, மண் ஓக்கொட்டை, என்று ஒரு காட்டுப் பட்டாணிச் செடியின் கிழங்கு, அதை வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். ‘ஆர்ட்நோட்’, மண் கொட்டை. ‘ஆர்ட்பேர்’, மண் பேரிக்காய், இதற்குக் கீழே வருகிறேன்.

உருளைக்கிழங்கு வந்த கதையில் டச்சுப் பக்கத்துக்கு நெருக்கமான ஆள் கரோலுஸ் க்ளூஸியுஸ் என்ற தாவரவியலாளர். 1588 ஜனவரியில் அவர் வியன்னாவில் இருந்தபோது, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மோன்ஸ் நகரின் ஆளுநர் பிலிப் த சிவ்ரி இரண்டு கிழங்கும் ஒரு காயும் அனுப்பிவைத்தார். அந்தச் செடியை வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் இன்றும் ஆன்ட்வெர்ப்பில் உள்ள பிளாண்டின் மொரேட்டுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் பெயர் ‘தரத்தூஃப்லி’, இத்தாலியச் சொல், சின்ன ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான்) என்று பொருள், கூடவே ‘பெருநாட்டுப் பாப்பாஸ்’ என்றும் ஒரு குறிப்பு. பாப்பா என்பது ஆண்டீஸ் மலையின் கெச்சுவா மொழிச் சொல். க்ளூஸியுஸ் 1593இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே தாவரத் தோட்டத்தை உருவாக்கினார், 1601இல் வெளியிட்ட தன் பெரிய நூலிலும் இந்தச் செடியை விவரித்தார். கவனிக்க வேண்டியது, ஐரோப்பாவுக்கே இந்தச் செடியை விளக்கமாக அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவரான அவர் அதை மண் ஆப்பிள் என்று சொல்லவில்லை. படித்தவர்கள் லத்தீனிலும் இத்தாலியப் பெயரிலும் புழங்கினார்கள். ஆர்டப்பெல் படிப்பாளிகள் மேசையிலிருந்து இறங்கி வந்த பெயராக எனக்குத் தோன்றவில்லை, தோட்டத்திலும் சந்தையிலும் ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து.

நடுவில் இன்னொரு கிழங்கு புகுந்து குட்டையைக் குழப்பியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து சூரியகாந்தி இனத்துக் கிழங்கு ஒன்று வந்தது, ஆங்கிலத்தில் ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்பார்கள், பிரெஞ்சில் ‘தொப்பினாம்பூர்’. ஸேலாந்து மாகாணத்தின் டெர்நெய்ஸன் ஊரில் பாதிரியாராக இருந்த பெத்ருஸ் ஹோண்டியுஸ் 1613இல் அதைத் தன் தோட்டத்தில் நட்டார். உருளைக்கிழங்கைவிட வேகமாகப் பரவியது இதுதான், குளிரைத் தாங்கும், பிடுங்கினாலும் அடுத்த வருடம் தானாக முளைக்கும். பழைய ஆர்டப்பெல் என்ற பெயர் முதலில் இதன்மேல்தான் போய் ஏறியது. பிறகு, 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு தோட்டத்திலிருந்து வயலுக்கு வந்து ஏழைகளின் அன்றாடச் சாப்பாடாக மாறியபோது பெயரும் அதோடு போய்விட்டது. பெயரை இழந்த சூரியகாந்திக் கிழங்கு இன்றைக்கு டச்சுக் கடைகளில் மண் பேரிக்காய், அதாவது நான் மேலே சொன்ன ஆர்ட்பேர்.

பிரெஞ்சிலும் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது: 17ஆம் நூற்றாண்டில் போம் த தேர் என்றால் தொப்பினாம்பூர், 18ஆம் நூற்றாண்டில்தான் அது உருளைக்கிழங்கு ஆகிறது. அதற்கு முன் 1600இல் ஒலிவியே த சேர் என்ற வேளாண்மை எழுத்தாளர் ‘கார்தூஃப்ல்’ என்கிறார், அது இத்தாலிய ட்ரஃபிள் பெயரின் வழி. இரண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸில் ஒரே ஊரில் இரண்டும் பேசுவார்கள், இரண்டிலும் ஒரே பெயர் ஒரே செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தாவுகிறது. ஒன்றை ஒன்று பார்க்காமல் இப்படி நடந்தது என்று சொல்வது கஷ்டம். ஆனால் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதில்தான் தகராறு. சில அகராதிகள் டச்சு பிரெஞ்சைப் பார்த்தது என்கின்றன, சில பிரெஞ்சு டச்சையோ ஜெர்மனையோ பார்த்தது என்கின்றன. சொல்லின் அமைப்பை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. டச்சு, தமிழ் போல, அடைமொழியை முன்னால் வைக்கும், பிரெஞ்சு பின்னால் வைக்கும், மொழிபெயர்க்கும்போது ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி திருப்பிக்கொள்ளும், தடயமே விடாது. என்னைக் கேட்டால், டச்சுக்கு அந்தக் கூட்டுச்சொல்லை வெளியிலிருந்து வாங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அதன் உறவு மொழிகளில் அது நூற்றாண்டுகளாகக் கிடந்தது. பிரெஞ்சுக்கு லத்தீன் முன்மாதிரி இருந்தாலும் ஃப்ளாண்டர்ஸ் பக்கத்துத் தூண்டுதல் வந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. ‘பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தது’ என்று ஆசிரியர் அடித்துச் சொன்னது சரியில்லை, அதைத் தலைகீழாக்கி நான் அடித்துச் சொன்னாலும் சரியாக இருக்காது.

மற்ற மொழிகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் இது டச்சு பிரெஞ்சுச் சண்டை மட்டுமில்லை என்று தெரியும். தென் ஜெர்மனியின் பல வட்டாரங்களில் ஆப்பிளுக்குப் பதில் பேரிக்காய், ‘க்ருண்ட்பிர்னெ’, நிலப் பேரிக்காய். அது கிழக்கே நடந்து குரோவேஷியாவில் ‘க்ரும்பிர்’, ஹங்கேரியில் ‘க்ரும்ப்லி’ ஆனது. ஸ்வீடிஷ் மண் பேரிக்காயிலிருந்து மண்ணை உதறிவிட்டுப் பேரிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டதில் வந்தது ஃபின்லாந்தின் ‘பெருனா’, கேட்டால் பெரு நாட்டுப் பெயர் மாதிரி இருக்கும், சம்பந்தமில்லை. ஐஸ்லாந்தில் ‘யார்தெப்லி’, மறுபடி மண் ஆப்பிள். பாரசீகத்தில் ‘சீப் ஸமீனி’, இது பிரெஞ்சைப் பார்த்து ஆக்கியது என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கருத்து. நவீன எபிரேயத்திலும் அதே ஜோடி. ஜெர்மன் பொதுமொழி மட்டும் அந்த இத்தாலிய ட்ரஃபிளைப் பிடித்துக்கொண்டு ‘தார்த்துஃபெல்’ என்று தொடங்கி ‘கார்டோஃபெல்’ என்று முடித்தது.

இப்போது இலங்கை. சிங்கள அர்த்தாப்பல் டச்சு ஆர்டப்பெல்லிலிருந்து வந்தது என்பதில் எனக்குத் தெரிந்து யாரும் மாறுபடுவதில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்து 1796 வரை கரையோரத்தை ஆண்டது. அந்தக் காலத்து மிச்சம் தமிழிலும் உண்டு, அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’ என்கிறோமே அது டச்சு ‘கன்டோர்’. கக்கூஸும் அவர்கள் சொத்துதான், ‘கக்ஹெய்ஸ்’, அதுவும் ஒரு கூட்டுச்சொல், பின்பாதி வீடு, முன்பாதியை நான் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கூட்டத்தோடு அர்த்தாப்பலும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. தமிழ் ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டால், நம்மிடம் ‘கிழங்கு’ என்ற உறுதியான பொதுச்சொல் இருந்தது, உருளையைச் சேர்த்தால் வேலை முடிந்தது. சிங்களத்திலும் கிழங்குக்கு ‘அல’ இருக்கிறது, பேச்சில் உருளைக்கிழங்குக் கறியை அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆகவே இது முழு விளக்கம் ஆகாது.

ஒலியில் ஒரு சின்ன விஷயம், இது என் ஊகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்றைய டச்சில் அந்தச் சொல்லின் நடுவில் மென்மையான ‘ட’, அதாவது குடம் என்பதில் வரும் ஒலி. சிங்களத்தில் வல்லொலி ‘த’, பத்து என்பதில் வருவதுபோல. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் டச்சுக் குடியேறிகளின் பேச்சிலிருந்து வளர்ந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் ‘ஆர்ட்டப்பல்’ என்று வல்லொலியாகத்தான் எழுதுகிறார்கள். சொல் முடிவில் டச்சு மெல்லொலியை வல்லொலியாக்கும், ‘ஆர்ட்’ தனித்து நின்றால் கடைசி ஒலி தடித்துத்தான் கேட்கும். கப்பலேறி வந்தவர்கள் சொல்லை இரண்டு துண்டாக, ஆர்ட்‑அப்பெல் என்று நடுவில் வெட்டி உச்சரித்திருந்தால் கேப்பிலும் கொழும்பிலும் ஒரே மாதிரி வல்லொலி விழுந்ததற்குக் காரணம் கிடைக்கிறது. சிங்கள ஒலி வரலாறு தெரிந்த யாராவது இதை ஒரே வரியில் உடைக்கவும் கூடும்.

கிழங்கையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்களா என்பதற்கு, சொல்லை மட்டும் வைத்து ஆம் என்று சொல்லக் கூடாது. ஒரு சொல் வந்ததென்றால் அதைச் சொன்னவர்கள் வந்தார்கள் என்று அர்த்தம், பொருள் கூடவே வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். இரண்டும் தனித்தனியாகப் பயணம் செய்யும் என்பதற்கு ஜப்பான் நல்ல சாட்சி. அங்கே உருளைக்கிழங்கு போனது டச்சு வணிகக் கப்பல்கள் வழியாக என்பது பரவலான கருத்து, ஆனால் பெயர் ‘ஜகாயிமொ’, ஜகத்தாராக் கிழங்கு, கப்பல் வந்த ஜகார்த்தாவின் பழைய பெயரால் அழைக்கிறார்கள், ஆர்டப்பெல்லின் வாடையே இல்லை. இந்தியாவின் மேற்குக் கரையில் மராத்தியும் குஜராத்தியும் ‘பட்டாட்டா’ என்பது போர்த்துக்கீசச் சொல். கொழும்பிலும் காலியிலும் டச்சு ஆட்சி முடிவதற்குள் இந்தக் கிழங்கைப் பற்றிப் பேச்சாவது இருந்தது, அநேகமாக மேசைக்கும் வந்தது என்பது வரைக்கும் சொல்லின் சாட்சி நம்மைக் கொண்டுபோகும். தீவின் மண்ணில் நட்டு விளைவித்தார்களா என்பது வேறு. நாம் பேர் சொல்லிக் காட்டக்கூடிய பயிர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கிலேயர் காலத்தில், நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கருடையது, பின்னாளில் நைலின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போன அதே பேக்கர். இன்னொரு சாத்தியமும் மனதில் இருக்கட்டும்: ஐரோப்பாவில் இந்தப் பெயர் எத்தனை செடிமேல் ஏறி இறங்கியது என்று பார்த்தோம், இலங்கையிலும் டச்சுக்காரர்கள் முதலில் உள்ளூர்க் கிழங்கு ஏதோ ஒன்றைத்தான் ஆர்டப்பெல் என்று சுட்டிக்காட்டினார்களோ என்னவோ. கம்பெனி ஆவணங்களில் விதை, சரக்குப் பட்டியல்களைத் தேடினால் இதற்கு விடை கிடைக்கலாம், அது சரித்திரம் படித்தவர்களின் வேலை.

வகுப்புக்குப் போகிறவர் என்பதால் நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. பன்மை ‘ஆர்டப்பெல்ஸ்’, ‘ஆர்டப்பெலன்’ இரண்டும் சரி, பிந்தையது கொஞ்சம் பழைய, எழுத்து வாடை. வான் கோ 1885இல் நெய்னன் கிராமத்தில் வரைந்த, விளக்கொளியில் ஐந்து பேர் கிழங்கு தின்னும் ஓவியத்தின் பெயரில் இருப்பது ‘ஆர்டப்பெல்ஏட்டர்ஸ்’, ஆம்ஸ்டர்டாமில் 1917இல் பட்டினியில் வெடித்த கலவரத்துக்குப் பெயர் ‘ஆர்டப்பெல்ஓப்ரூர்’, இரண்டிலும் கூட்டுச்சொல்மேல் இன்னொரு சொல் ஏறிக்கொண்டதைப் பார்க்கலாம், டச்சில் இந்த அடுக்குக்கு முடிவே கிடையாது. பேச்சில் கிழங்கைச் செல்லமாகப் ‘பீப்பர்’ என்பார்கள். ‘பத்தாத்’ என்ற சொல்லில் மட்டும் கவனம்: ஆன்ட்வெர்ப்பில் அது வெறும் உருளைக்கிழங்கு, ஆம்ஸ்டர்டாமில் எண்ணெயில் பொரித்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், நெதர்லாந்தின் தெற்கில் போய்ப் பொரித்ததற்கு அந்தப் பெயரைச் சொன்னால் ‘ஃப்ரீட்’ என்று உங்களைத் திருத்துவார்கள். அது ஸ்பானிய ‘பத்தாத்தா’ வழியாக, கரீபியத் தீவுகளில் வத்தாளங்கிழங்குக்கு வழங்கிய ‘பத்தாத்தா’வில் தொடங்கிய வேறு ஒரு வம்சம், அதில்தான் ஆங்கிலப் பொட்டேட்டோவும் பிறந்தது.